மூடாக்கு எரிந்த நிலம்: அனக்துவுக் ஆற்றுத் தீ, 2007 – ஒரு நிகழ்வு ஆய்வு

நடந்தது

2007 ஜூலை 16. நம் கணக்கில் ஆனி முடிந்து ஆடி பிறக்கும் நேரம். அலாஸ்காவின் வட சரிவில், புரூக்ஸ் மலைத்தொடருக்கும் ஆர்க்டிக் கடலுக்கும் இடைப்பட்ட நிலத்தில் மின்னல் விழுந்து தீப் பிடித்தது. நனுஷுக், இட்கிலிக் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே உள்ள இடம். மரம் கிடையாது. பருத்திப்புல், பாசி, குட்டைச் செடி, இவ்வளவுதான் தூந்திரா. இப்படிப்பட்ட இடத்தில் பிடிக்கும் தீ சீக்கிரமே தானாக அணைந்துவிடும். இது அணையவில்லை. ஆடி முழுக்கவும் ஆவணி முற்பாதியிலும் புகைந்துகொண்டே கிடந்தது. செப்டம்பரில் மழை பொய்த்துத் தெற்கிலிருந்து காற்றும் சேர்ந்துகொண்டதும் கிளம்பி ஓடியது. எரிந்த பரப்பில் பெரும்பங்கு அந்த ஒரு மாதத்தில் போனது. அக்டோபர் தொடக்கத்தில் பனி விழுந்த பிறகுதான் அடங்கியது.

மொத்தம் 1,039 சதுர கி.மீ., அதாவது ஏறக்குறைய இரண்டரை லட்சம் ஏக்கர். மயிலாடுதுறை மாவட்டத்தைவிடக் கொஞ்சம் சிறிது. வட அட்சரேகை 68 பாகைக்கு வடக்கே உள்ள அலாஸ்காவில் 1950 முதல் எரிந்த பரப்பு முழுவதையும் கூட்டினால் எவ்வளவு வருமோ, இந்த ஒரே தீ அதை இரட்டிப்பாக்கிவிட்டது. பக்கத்து ஏரிகளின் அடிச்சேற்றைத் துளையிட்டு எடுத்துக் கரித்துகளைத் தேடினார்கள். கடந்த 5,000 ஆண்டுப் படிவில் இதற்கு ஒப்பான தீயின் தடம் இல்லை.

அனக்துவுக் என்ற சொல்லுக்கு அந்த மண்ணின் இனுபியாக் மொழியில் ‘காரிபூப் புழுக்கை கிடக்கும் இடம்’ என்று பொருள். காரிபூ என்பது கூட்டம் கூட்டமாக இடம்பெயரும் துருவ மான். ஆட்டுக் கிடை போட்ட வயலைப் பார்த்தவர்களுக்கு இப்படிப்பட்ட பெயர் எதனால் வரும் என்று விளக்க வேண்டியதில்லை.

எங்கோ வடக்கே எரிந்த நிலத்தை வேதாரண்யத்தில் இருப்பவர் ஏன் படிக்க வேண்டும்? கோடியக்கரைச் சேற்றிலும் உப்பளப் பாத்தியிலும் ஐப்பசி, கார்த்திகையில் மேயும் கொசு உள்ளானும், கர்லூ சேண்ட்பைப்பர் என்று பறவை பார்ப்பவர்கள் சொல்லும் வளைந்த மூக்குள்ள உள்ளானும் முட்டை பொரிப்பது தூந்திராவில்தான். அவை பிறக்கும் இடம் அலாஸ்கா அல்ல, சைபீரியா. ஆனால் தூந்திராவில் தீ என்ன செய்யும் என்பதை மிக நெருக்கமாக, ஆண்டுக்கணக்கில் அளந்து பார்த்த இடம் இந்த அனக்துவுக் நிலம்தான். டூலிக் ஆய்வு நிலையம் அங்கிருந்து 40 கி.மீ. தொலைவில் இருந்ததால் அளவுகள் வாய்த்தன. அதனால் முதலில் இதைப் புரிந்துகொண்டு, பிறகு சைபீரியாவுக்கும் கோடியக்கரைக்கும் வருவோம்.

உமியும் ஐஸ் பாரும்

ஐஸ் பார் கரையாமல் இருக்க உமிக்குள்ளோ மரத்தூளுக்குள்ளோ புதைத்து வைப்பது நம் பக்கம் பழைய பழக்கம். வெளியே சித்திரை வெயில் கொளுத்தினாலும் உள்ளே கட்டி இறுகிக் கிடக்கும். அதே உமியைக் குவித்து ஓரத்தில் ஒரு தணலை வைத்துவிட்டால் சுவாலையே தெரியாது. மேலே சாம்பல் மூடியிருக்க, உள்ளுக்குள் நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும்.

தூந்திராவின் மேலடுக்கு அந்த உமி மாதிரி. அடியிலிருந்து பார்த்தால் அமைப்பு இப்படி: கீழே சில நூறு மீட்டர் ஆழத்துக்கு, ஆண்டு முழுவதும் உறைந்தே இருக்கும் மண். இதை உறைமண் என்போம். அதற்கு மேலே, கோடையில் மட்டும் இளகிக் குளிரில் திரும்ப உறையும் 30 முதல் 50 செ.மீ. அடுக்கு. வேர் பிடிப்பது, தண்ணீர் நிற்பது, புழு பூச்சி நடமாடுவது எல்லாம் இந்த ஒன்றிரண்டு சாண் ஆழத்துக்குள்தான். எல்லாவற்றுக்கும் மேலே உயிருள்ள பாசி. அதன் கீழே மக்கியும் மக்காமலும் கிடக்கும் பாசி, இலை, வேர்ச் சக்கை. காய்ந்த பாசிக்குள் காற்று அடைந்து கிடப்பதால் வெப்பம் இறங்காது. கோடையில் இருபத்துநாலு மணி நேரமும் சூரியன் காய்ந்தாலும் முழங்கால் ஆழத்தில் மண் உறைந்தே இருப்பதற்கு இந்த மூடாக்குதான் காரணம்.

சாதாரண ஆண்டில் இந்தப் பாசி பஞ்சு மாதிரி நீர் பிடித்து வைத்திருக்கும், தீ ஏறாது. 2007 சாதாரண ஆண்டாக இல்லை. வட சரிவில் கோடை சூடாகவும் மிக வறட்சியாகவும் இருந்தது. அதே செப்டம்பரில் ஆர்க்டிக் கடலின் பனிப்பரப்பு அதுவரை செயற்கைக்கோள் பதிவிலேயே இல்லாத அளவுக்குச் சுருங்கியிருந்தது. கடற்பனி விலகினால் கரை நிலமும் சூடாகும் என்பதால் இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்கிறார்கள். 1979க்குப் பிறகு ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது.

நம் வயலில் அறுவடைத் தாளுக்குத் தீ வைப்பதோடு இதை ஒப்பிடக் கூடாது. தாள் தீ கால் மணி நேரத்தில் ஓடி முடியும், மண்ணுக்குள் விரல் ஆழம்கூட இறங்காது. தூந்திராத் தீ மண்ணின் மேல் எரிவதைக் காட்டிலும் மண்ணையே எரிக்கிறது என்பதுதான் பொருத்தம். அந்த மண்ணின் மேலடுக்கே எரிபொருள்.

எவ்வளவு எரிந்தது என்று எப்படி அளந்தார்கள்

எரிந்துபோன மண்ணின் கனத்தை எப்படி அளப்பது? அதுதான் இல்லையே. இதற்குப் பருத்திப்புல்லின் குத்து கைகொடுத்தது. நெல் நாற்று தூர் கட்டுவது போலப் பருத்திப்புல்லும் ஒரே தூரில் நூற்றுக்கணக்கான தாள் விட்டு, நிலத்திலிருந்து ஒரு சாண் எழும்பிய குத்தாக நிற்கும். பழைய இலைகளின் அடித்தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கமாகச் சுற்றியிருப்பதால் தீ குத்தின் வெளிப்புறத்தைக் கருக்குமே தவிர, உள்ளே இறங்காது. ஆக, சுற்றிலும் பாசி எரிந்து நிலம் தாழ்ந்துவிடும். குத்து இருந்த உயரத்திலேயே நிற்கும். தீக்குப் பிறகு போய் நின்றால், கருகிய களத்தில் கறுத்த முளைகள் நட்டு வைத்த மாதிரி இருக்கும்.

எரியாத பக்கத்தில் குத்தின் தலைக்கும் பாசி மட்டத்துக்கும் உள்ள உயர வேறுபாட்டைப் பல இடங்களில் அளந்து வைத்துக்கொண்டு, எரிந்த பக்கத்தில் அதே வேறுபாட்டை அளந்து கழித்தால் போன கனம் கிடைத்துவிடும். சராசரியாக 6 செ.மீ. போயிருந்தது. மாதிரி எடுத்து எடை, அடர்த்தி, கார்பன் விகிதம் எல்லாம் கணக்கிட்டதில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 2 கிலோ கார்பன் காற்றில் கலந்திருந்தது. மொத்தப் பரப்புக்கும் சேர்த்து 21 லட்சம் டன்.

ஏக்கர் கணக்கில் போட்டுப் பார்த்தால் இது உறைக்கும். ஏக்கருக்கு 8 டன் கார்பன். ஒரு போக நெல்லில் ஏக்கருக்கு இரண்டு, இரண்டரை டன் வைக்கோல் வரும், அதில் கார்பன் ஒரு டன் அளவு. ஒரு போக வைக்கோல் அத்தனையையும் வயலிலேயே எரித்தால் போவதைப் போல எட்டு மடங்கு, புல்லும் பாசியும் மட்டுமே உள்ள நிலத்திலிருந்து போயிருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால் பகுதியில் உலகத்துத் தூந்திரா முழுவதும் சேர்ந்து ஓர் ஆண்டில் உள்ளிழுத்து வைத்த கார்பன் சராசரியாக எவ்வளவோ, அவ்வளவு இந்த ஒரே தீயில் திரும்பிப் போயிற்று.

எரிந்தது எத்தனை பழைய கார்பன் என்பதும் முக்கியம். 1950, 60களின் அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் விட்ட கதிர்கார்பன் அந்தந்த ஆண்டு வளர்ந்த பாசியில் பதிவாகியிருக்கிறது. தீக்குப் பிறகு மேலே தெரிந்த புதிய மட்டத்தின் கதிர்கார்பனை அளந்தபோது, எரிந்த அடுக்கின் வயது அதிகபட்சம் 50 ஆண்டு என்று தெரிந்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழைய சேமிப்பை இந்தத் தீ நேரடியாகத் தொடவில்லை. ஆனால் அதன் மேல் போர்த்தியிருந்ததைக் கிழித்துவிட்டது. சுற்றி வந்து இதே இடத்துக்குத்தான் திரும்ப வரப்போகிறோம்.

பச்சை திரும்பியது

மறுதாம்பு விட்ட வயலைப் பார்த்தவர்களுக்கு அடுத்து நடந்தது வியப்பாக இருக்காது. பருத்திப்புல்லின் குருத்து தூரின் நடுவில் பத்திரமாக இருந்ததால் அடுத்த கோடையிலேயே துளிர்த்தது. எரிந்த சாம்பலின் சத்தும், பக்கத்தில் போட்டியில்லாத இடமும், இளகிய மண்ணின் கூடுதல் ஆழமும் கிடைக்கவே, பின்வந்த கோடைகளில் வெள்ளைப் பஞ்சுப் பூ நிலம் முழுக்கப் பூத்தது. நிலத்தடித் தண்டு உள்ள லாப்ரடார் தேயிலைச் செடி, கிளவுட்பெர்ரி, குட்டை பிர்ச் ஆகியவையும் அடியிலிருந்து கிளைத்தன. விதை முளைத்து வந்தவை குறைவு. பெரும்பாலும் பழைய தூரும் வேரும் விட்ட துளிர்தான்.

நான்கு ஆண்டில் புல், செடி வகைகளின் ஆண்டு வளர்ச்சி எரியாத பக்கத்துக்கு இணையாக வந்துவிட்டது. செயற்கைக்கோள் பசுமைக் குறியீட்டில் பார்த்தால் காயமே தெரியவில்லை. ‘தூந்திரா மீண்டுவிட்டது’ என்று எழுத வேண்டுமானால் இந்தப் படம் போதும். ஆனால் அது தவறான முடிவு. எங்கே தவறுகிறது என்பதில்தான் இந்த நிகழ்வின் முழுப் பாடமும் இருக்கிறது.

பசுமைக் குறியீடு இலையை எண்ணுகிறது. மூடாக்கை எண்ணுவதில்லை. ஸ்பாக்னம் முதலிய கனத்த பாசிகளும், பூஞ்சையும் ஆல்காவும் ஒன்றாகக் கூடி வாழும் லைக்கன்களும் திரும்பவில்லை. வெறும் கரிமண்ணில் முதலில் வந்து ஒட்டியவை மார்கான்ஷியா போன்ற தட்டை ஈரல்தாவரமும், தீப்பட்ட இடத்தில் எங்கும் முளைக்கும் செராடோடான், பாலிட்ரைக்கம் வகைக் குட்டைப் பாசிகளும். இவை மெல்லிய படலம். வெப்பத்தைத் தடுக்கும் கனம் இவற்றுக்குக் கிடையாது. மேலே பச்சைப் பசேலென்று இருக்கிறது, அடியில் உமி இல்லை.

இதே அலாஸ்காவின் மேற்கில் உள்ள சூவர்ட் தீபகற்பத்தில் 1977இல் எரிந்த ஒரு சரிவை 24 ஆண்டு கழித்துத் திரும்ப அளந்திருக்கிறார்கள். வில்லோப் புதர் முன்பைவிட நன்றாகப் பெருகியிருந்தது. லைக்கன் ஏறக்குறைய திரும்பவே இல்லை. தீயும் வெப்பமும் ஒரே திசையில் தள்ளுவதால் தூந்திரா தன் பழைய உருவத்துக்கு வராமல் புதர்க்காடாக மாறுகிறது.

கம்பி சொல்லும், கம்பி மறைக்கும்

கோடையில் எவ்வளவு ஆழம் இளகியிருக்கிறது என்று அளக்க எளிய கருவிதான்: விரல் கனத்தில் ஒரு மீட்டருக்குக் குறையாத எஃகுக் கம்பி, மேலே குறுக்குப் பிடி, உடலில் செ.மீ. கோடு. ஆகஸ்ட் கடைசியில், இளக்கம் உச்சத்தில் இருக்கும்போது, ஒரு நேர்கோட்டில் சம இடைவெளி விட்டுக் குத்திக்கொண்டே போக வேண்டும். உறைமண்ணில் முட்டினால் ‘டொக்’ என்று கட்டையில் பட்ட மாதிரி நிற்கும். கல்லில் முட்டினால் ஒலி கூர்மையாக இருக்கும், கை அதிரும். அந்த அளவைத் தள்ளிவிட்டு ஓரடி விலகிக் குத்த வேண்டும். பருத்திப்புல் குத்தின் மேல் கம்பியை இறக்குவதும், குத்துகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தில் இறக்குவதும் வெவ்வேறு எண் தரும் என்பதால் எங்கே இறக்கினோம் என்று எழுதாத பட்டியல் எதற்கும் உதவாது.

எரிந்த பக்கத்தில் இளகும் ஆழம் கூடியது. இதில் யாரும் சறுக்கக்கூடிய ஓர் இடம் உண்டு. கம்பி, நிலத்தின் மேல் மட்டத்திலிருந்து அளக்கிறது. உறைமண்ணுக்குள் கட்டிப்பனி இருந்து அது உருகினால், உருகிய தண்ணீர் வடிந்து மேல் மட்டமே கீழே இறங்கிவிடும். முதல் ஆண்டு 45 செ.மீ., ஐந்தாம் ஆண்டும் 45 செ.மீ. என்று கம்பி காட்டும். இடையில் நிலம் 20 செ.மீ. அமுங்கியிருந்தால் உண்மையில் உறைமண் 20 செ.மீ. பின்வாங்கியிருக்கிறது. கம்பி அதைச் சொல்லாது. மேல் மட்டத்தின் உயரத்தையும் அசையாத ஒரு குறியிலிருந்து தனியே அளக்க வேண்டும்.

அதைத்தான் லேசர் ஒளியால் நிலத்தின் உயரத்தை அளக்கும் லிடார் கருவியை வானூர்தியில் வைத்துச் செய்தார்கள். 2009இல் ஒரு முறை, 2014இல் ஒரு முறை நிலத்தின் மேல் மட்டத்தை வரைந்து ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தார்கள். ஆய்வு செய்த எரிந்த பரப்பில் 34 சதவீதம் அமுங்கியிருந்தது. அதே வகையான, எரியாத நிலத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவு. பச்சை திரும்பிவிட்டது என்று செயற்கைக்கோள் சொன்ன அதே ஆண்டுகளில் நிலம் இறங்கிக்கொண்டிருந்தது.

அமுங்கியது சீராகவும் இல்லை. கோடையில் தண்ணீர் வற்றிய களிமண் வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்குமே, தூந்திரா நிலமும் கடுங்குளிரில் சுருங்கி அதே பலகோண வடிவில் வெடிக்கும். பாளம் ஒவ்வொன்றும் பத்து, இருபது மீட்டர் அகலம் என்பதுதான் வேறுபாடு. வெடிப்பில் இளவேனில் நீர் இறங்கி உறையும். அடுத்த குளிரில் அதே இடத்தில் திரும்ப வெடிக்கும். ஆயிரக்கணக்கான ஆண்டு இப்படியே நடந்து, ஒவ்வொரு வெடிப்பின் கீழும் ஆப்பு வடிவில் சுத்தமான பனிக்கட்டி நிற்கிறது. மூடாக்கு போனதும் முதலில் உருகுவது இந்த ஆப்பு. வரப்பு இருக்க வேண்டிய இடத்தில் வாய்க்கால் விழுந்தது மாதிரி, பாளங்களைச் சுற்றிப் பள்ளம் விழும். அதில் தண்ணீர் தேங்கும். தேங்கிய தண்ணீர் கறுப்பாக வெயிலை வாங்கி மேலும் சூடாகி, ஆப்பை மேலும் உருக்கும். சரிவான இடமாக இருந்தால் முழுக் கரையே சேறாக வழிந்து ஆற்றில் இறங்கும். இந்தப் படலம் ஒரு முறை தொடங்கிவிட்டால் தீ அணைந்ததோ, பச்சை வந்ததோ அதை நிறுத்துவதில்லை.

உலகத்து உறைமண்ணில் அடைந்து கிடக்கும் கார்பன் காற்றில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. காட்டுத்தீயில் போவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் தூந்திரா கார்பனை உள்ளிழுக்கும் நிலை மாறி, வெளிவிடும் நிலைக்கு வந்துவிட்டது என்று அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா வெளியிட்ட 2024 ஆர்க்டிக் அறிக்கை சொல்கிறது.

யாருக்கு நட்டம், யாருக்கு லாபம்

காரிபூவுக்கு நட்டம். குளிர்காலத்தில் பனியைக் குளம்பால் தோண்டி அது தின்பதில் பெரும்பங்கு லைக்கன். லைக்கன் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். எரிந்தால் மேய்ச்சலுக்குத் தகுதியான கனம் வரப் பல பத்தாண்டு ஆகும். அதுவரை எரிந்த நிலத்தைக் குளிர்கால மந்தை சுற்றிப் போகிறது. அலாஸ்காவின் மேற்கு ஆர்க்டிக் மந்தை 2003இல் 4,90,000 ஆக இருந்தது. 2023இல் ஏறக்குறைய 1,52,000. இந்த வீழ்ச்சியைத் தீயின் தலையில் மட்டும் கட்டுவது சரியல்ல. புதர்ப்பெருக்கம், பனி மேல் விழும் மழை, காரிபூவை வேட்டையாடும் விலங்கு எல்லாம் சேர்ந்த வினை அது.

பனி மேல் விழும் மழையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெப்பம் கூடுவது என்றால் மிருகத்துக்குக் குளிர் குறைகிறது, நல்லதுதானே என்று தோன்றும். குளிர்காலத்தில் ஓரிரு நாள் மட்டும் சூடாகி மழை பெய்து, திரும்பவும் உறைந்தால் பனியின் மேல் கண்ணாடித் தகடு போல ஐஸ் பிடித்துவிடும். குளம்பு இறங்காது. 2013 நவம்பரில் சைபீரியாவின் யமால் தீபகற்பத்தில் இப்படி மேய்ச்சல் பூட்டிக்கொண்டதில் காரிபூவின் இனமேயான ரெயின்டீர்கள் 61,000 பட்டினியால் செத்தன. பனிக்கு அடியில் சுரங்கம் விட்டு வாழும் லெம்மிங் எலிக்கும் இதே கதிதான். லெம்மிங்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கோடியக்கரைக்கு வரும்போது வேண்டும்.

புதர் தின்னிகளுக்கு லாபம். வில்லோ உயர்ந்ததும் மூஸ் என்னும் பெரிய மான் வடக்கே ஏறியது. பனிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கிளைதான் அதற்குக் குளிர்கால உணவு. வில்லோ மொக்கு தின்னும் டார்மிகன் பறவைக்கும் குறையில்லை. மரத்தைப் பல்லால் கடித்துச் சாய்த்து ஓடையில் அணை கட்டும் பீவர் வந்ததுதான் எதிர்பாராதது. வடமேற்கு அலாஸ்காவின் தூந்திராவில் அது கட்டிய அணைக்குட்டைகள் இருபது ஆண்டில் இரட்டித்து 11,000க்கும் மேல் இருக்கின்றன. ஒவ்வொரு குட்டையும் தன் அடியிலுள்ள உறைமண்ணை இளக்குகிறது. ஆக, தீ தொடங்கி வைத்ததைப் பல் கொண்ட பொறியாளர்கள் தொடர்கிறார்கள்.

அணைப்பதில் ஒரு சிக்கல்

ஆள் நடமாட்டமில்லாத தூந்திராத் தீயைப் பெரும்பாலும் கண்காணிப்பதோடு விட்டுவிடுகிறார்கள். காரணம் செலவு மட்டும் இல்லை. காட்டுத்தீக்கு வழக்கமாகச் செய்வது போல் புல்டோசர் விட்டுத் தீத்தடுப்புக் கோடு கீறினால், தீ மேலாக எடுக்கும் மூடாக்கை இரும்பு அடியோடு எடுத்துவிடும். கோடு கீறிய இடமே பின்னாளில் வாய்க்காலாக இறங்கும். தீயால் ஆன காயத்தைவிட டோசர் தடம் மோசமாகப் போன இடங்கள் அலாஸ்காவின் உறைமண் காடுகளில் உண்டு. அதனால் பம்பு வைத்துத் தண்ணீர் அடிப்பது, ஈரப்பட்டையால் அடித்து அணைப்பது, ஆறு ஏரிகளையே தடுப்பாகப் பயன்படுத்துவது ஆகியவையே முறை. தணல் பாசிக்கு அடியில் இருக்கும் என்பதால் மேலே புகை நின்றதை வைத்து முடிவு கட்டக் கூடாது. கையுறையைக் கழற்றிப் புறங்கையை மண்ணுக்கு அருகே வைத்து, சூடு தெரிந்தால் தோண்டித் தண்ணீர் விட்டுக் கலக்க வேண்டும். உமிக் குவியலை அணைக்கிற அதே முறை. வடக்கத்திக் காடுகளின் ஆழ்ந்த மக்கு மண்ணில் குளிர் முழுவதும் பனிக்கு அடியில் கனன்று, அடுத்த ஆண்டு இளவேனிலில் தலைதூக்கிய தீக்களைச் செயற்கைக்கோளில் பிடித்திருக்கிறார்கள்.

சைபீரியாவும் கோடியக்கரையும்

இப்போது நம் பறவைகளின் ஊர். 2020 ஜூன் 20 அன்று ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே உள்ள வெர்கயான்ஸ்கில் 38 பாகை செல்சியஸ் பதிவானது. உலக வானிலை அமைப்பு அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதே நாளில் தஞ்சாவூரில் இருந்திருந்தால் வழக்கமான வெயில் என்று விட்டிருப்போம். 2019, 2020 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சைபீரிய ஆர்க்டிக்கில் ஏறக்குறைய 47 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. 1982 முதல் அங்கே எரிந்த மொத்தத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு.

இதைக் கேட்டதும் ‘கோடியக்கரையில் உள்ளான் குறைவதற்கு சைபீரியத் தீதான் காரணம்’ என்று சொல்லிவிடத் தோன்றும். அவசரம் வேண்டாம். உள்ளான்கள் கூடு வைப்பது ஈரமான தாழ்நிலத் தூந்திராவில், தீ அதிகம் ஓடியது அதற்குத் தெற்கே. முட்டைக்குள் தீ புகுந்து அழித்த கதை இது இல்லை. வெப்பம் வேறு வழியில் வேலை செய்கிறது.

ஒன்று, நாள்கணக்கு. உள்ளான் குஞ்சு பொரித்த அன்றே எழுந்து தானே பூச்சி பிடித்துத் தின்னும், தாய் ஊட்டுவதில்லை. கொசு, ஈ வகைகள் மொய்க்கும் இரண்டு மூன்று வாரத்துக்குள் குஞ்சு இறங்கியாக வேண்டும். பனி முந்தி உருகினால் பூச்சியும் முந்தி எழும். பறவையோ ஆயிரக்கணக்கான கி.மீ. தள்ளி நம் சேற்றில் நின்றுகொண்டிருக்கிறது. அங்கே பனி உருகியது இதற்குத் தெரியாது. தைமிர் தீபகற்பத்தில் கூடு வைக்கும் நாட் என்னும் உள்ளான் வகையில் இதன் விளைவை அளந்திருக்கிறார்கள். 33 ஆண்டில் பனி உருகும் நாள் இரண்டு வாரத்துக்கும் மேல் முந்தியது. பனி முந்தி உருகிய ஆண்டில் பிறந்த குஞ்சுகள் சிறுத்து, மூக்கும் குட்டையாகிப் போயின. அவை வலசை போய்ச் சேரும் ஆப்பிரிக்க மோரிடானியாக் கரையில் நல்ல சிப்பி சேற்றில் ஆழத்தில் கிடக்கிறது. குட்டை மூக்குக்கு எட்டாது. அதனால் குட்டை மூக்குக்காரர்கள் அதிகம் செத்தார்கள். அடி விழுந்தது வடக்கே, சாவு தெற்கே.

இரண்டு, லெம்மிங். லெம்மிங் பெருகிய ஆண்டில் துருவ நரிக்கு அதுவே போதும். உள்ளான் கூடு தப்பும். லெம்மிங் குறைந்த ஆண்டில் நரி முட்டைக்கும் குஞ்சுக்கும் திரும்பும். மூன்று நான்கு ஆண்டுக்கு ஒரு முறை வரும் இந்த ஏற்ற இறக்கம்தான் நம் கரையில் இறங்கும் இளம் பறவைகளின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது. குளிர்காலப் பனி கெட்டு லெம்மிங் பெருகும் ஆண்டு அரிதானால் நல்ல ஆண்டும் அரிதாகும். வளைந்த மூக்கு உள்ளானையும் சாம்பல் நிற உப்புக்கொத்தியையும் 2024இல் உலகச் சிவப்புப் பட்டியலில் ‘அழிவாய்ப்பு உள்ளவை’ என்ற நிலைக்கு ஏற்றியிருக்கிறார்கள்.

இங்கிருந்தே அளக்கலாம்

தூந்திராவில் அந்த ஆண்டு இனப்பெருக்கம் எப்படி என்று தெரிய அங்கே போக வேண்டியதில்லை. வேதாரண்யம் சதுப்பில் பறவை பார்க்கும் தொலைநோக்கி (ஸ்கோப்) ஒன்று போதும். வளைந்த மூக்கு உள்ளானில் பெரியவை முதலில் கிளம்பி ஆடி, ஆவணியில் வந்துவிடும். குஞ்சுகள் யாரும் வழிகாட்டாமல் தாமே ஒரு மாதம் பின்தங்கி வரும். ஆகவே ஆகஸ்டில் எடுத்த கணக்கில் இளசே இல்லை என்று கவலைப்படுவது வீண். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை, வடகிழக்குப் பருவமழை நீர் ஏறுவதற்குள் பார்க்க வேண்டும்.

முதுகு இறகைப் பார்த்துப் பிரிக்கலாம். இளசுக்கு ஒவ்வொரு முதுகு இறகின் ஓரத்திலும் வெளிர் விளிம்பு ஒரே சீராக இருக்கும், மீன் செதில் மாதிரி. நெஞ்சில் லேசான சந்தன நிறம். பெரியதின் இறகு தேய்ந்து கந்தலாக இருக்கும், வயிற்றில் செங்கல் நிறத் திட்டு மிச்சமிருக்கும். கொசு உள்ளானில் இளசின் முதுகில் கவட்டை வடிவில் இரண்டு வெள்ளைக் கோடு எடுப்பாகத் தெரியும். நவம்பர் தாண்டினால் இறகு மாறி இரண்டும் சாம்பலாகிவிடும், பிரிப்பது கடினம்.

கூட்டத்தின் ஒரு முனையில் தொடங்கி நூறு பறவை வரிசையாகப் பார்த்து, இளசு எத்தனை என்று எழுத வேண்டும். கண்ணில் படுவதைப் பொறுக்கி எண்ணினால் கணக்கு கோணும். இளசுகள் கூட்டத்தின் ஓரத்தில் ஒதுங்கி மேய்வதுண்டு. ஓரத்தில் மட்டும் எண்ணினால் விகிதம் கூடும், நடுவில் மட்டும் எண்ணினால் குறையும். இரண்டிலும் எடுத்து, வேறு வேறு உப்பளப் பாத்திகளில் ஐந்தாறு கூட்டமாவது பார்க்க வேண்டும். ஓர் ஆண்டு எண் ஒன்றும் சொல்லாது, லெம்மிங் சுற்று ஒன்று முடிவதற்கே நான்கு ஆண்டு வேண்டும். பத்து ஆண்டுத் தொடர் இருந்தால்தான் சுற்றைக் கழித்துவிட்டுச் சரிவு உண்டா என்று பார்க்கலாம். மொத்த எண்ணிக்கையை இதோடு கலக்கக் கூடாது. சதுப்பில் தண்ணீர் மட்டம் மாறினாலே கூட்டம் பக்கத்து முத்துப்பேட்டைக்கு நகர்ந்துவிடும். விகிதம் அதனால் அவ்வளவாக மாறாது.

வைகாசி, ஆனியில் சதுப்பில் தங்கிவிட்ட உள்ளான்களைப் பார்த்து ‘வலசை மறந்துவிட்டன’ என்று புகைப்படம் போடுபவர்கள் உண்டு. அவை பெரும்பாலும் போன ஆண்டுப் பிறந்த இளசுகள். முதல் கோடையை இங்கேயே கழித்துவிட்டு அடுத்த ஆண்டுதான் வடக்கே போகும். அவற்றை இனப்பெருக்கக் கணக்கில் சேர்க்கக் கூடாது.